ஒரு கிள்ளு அரிசி

எங்கள் அடுக்களையில் தீப்பிடித்த அந்த வியாழக்கிழமை ராத்திரி போய் இன்றோடு 25 நாள். என்ன நடந்தது என்று மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. ஜகார்த்தா, மேடான், திண்டுக்கல் என்று எங்கெங்கிருந்தோ போன் போட்டு அழுதவர்கள் நீங்கள், உங்களுக்கே தெரியும். என் வீட்டுக்காரர் நன்றாக இருக்கிறார். இடது கைக் கட்டு இன்னும் பிரிக்கவில்லை. நேற்று வலது கையால் தானே எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, ரசத்தில் உப்பு குறைச்சல் என்றார். கல்யாணமாகி 14 வருஷத்தில் அவர் சொன்ன குறை காதில் தேனாகப் பாய்ந்தது இதுதான் முதல் தடவை.

இந்த மடலைத் தமிழில் எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஜாவாத் தீவில் இருக்கிற இந்தப் பாண்டுலில் எங்கள் ஊர்க்காரர்களிடம் வீடு வீடாகப் போய்க் கை கூப்பி 'மாத்துர் நுவுன்' (நன்றி) சொல்லிவிட்டு வந்தேன். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. ஜாவா மொழியில் பெரியவர்களிடம் பேச க்ரோமோ என்று தனி மரியாதைப் பேச்சு உண்டு. சாப்பிடு, தூங்கு, வீடு, எல்லாவற்றுக்கும் வேறு சொல். எனக்குத் தெரிந்தது சமவயதுக்காரர்களோடும் கோழிகளோடும் பேசுகிற ஙோகோதான். எழுபது தாண்டிய ஒருவருக்கு அதில் நன்றி சொன்னால் நன்றியாக இருக்காது, அதட்டலாகத்தான் கேட்கும். அதனால் வாய்க்கு வருகிற மொழியில் எழுதிவிடுகிறேன். என் மகள் அதைக் க்ரோமோவில் பக்கத்து வீட்டுப் பாட்டிக்குச் சொல்லட்டும். அவள் பள்ளியில் படிக்கிறாள், திருத்தமாகப் பேசுவாள்.

முதலில் மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு ரோந்து முறையில் இருந்த ஆறு பேருக்கு நன்றி. (நம்முடைய ரோந்தும் இவர்களுடைய 'ரோண்டா'வும் ஒரே போர்ச்சுகீசியச் சொல்லில் பிறந்தவை. தூக்கக் கலக்கத்தில் அந்தச் சொல் காதில் விழுந்தால் திண்டுக்கல்லில் இருப்பது போலவே இருக்கும்.) எச்சரிக்கைக் கொட்டான கெந்தோங்கானை மூன்று மூன்றாக அடித்தது அவர்கள்தான். தெருமுனைக் காவல் கொட்டகையில் பலகை எழுதித் தொங்குகிறது: ஒவ்வொன்றாக அடித்தால் கொலை, இரண்டிரண்டாகத் திருட்டு, மும்மூன்றாகத் தீ, நான்கு நான்காக வெள்ளம் மாதிரிப் பேரிடர், ஐந்தைந்தாக ஆடுமாடு களவு. வந்த புதிதில் மாமியார் வாய்ப்பாடு மாதிரி இதை எனக்கு மனப்பாடம் செய்வித்தார். நம் வீட்டுக்கே அது அடிக்கப்படும் என்று அன்றைக்கு யார் நினைத்தோம்!

கிணற்றடியிலிருந்து சமையல்கட்டு வரை வரிசையாக நின்று வாளி கை மாற்றியவர்கள், காய்கறி ஏற்ற வைத்திருந்த வண்டியைக் காலி செய்து அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர், காப்பீட்டுக் காகிதத்துக்காக மூன்று அலுவலகம் அலைந்த எங்கள் தெருத் தலைவர் பாக் எர்தே, என் மகளைப் பத்தொன்பது நாளும் தங்கள் பிள்ளைகளோடு பிள்ளையாகப் படுக்க வைத்துக்கொண்ட எதிர்வீட்டு அக்கா, எல்லோருக்கும். பின்கூரையைப் பிரித்து ஓடு மாற்றிய பையன்களுக்கும். கூலி இல்லாமல், சாப்பாடு மட்டும் போட்டு ஊரே கூடிச் செய்கிற இந்த வேலைக்குச் சம்பாத்தான் என்று பேர். சம்பாத் என்றால் முறையிடுவது, புலம்புவது. நான் புலம்பக்கூட இல்லை, அதற்குள் மூங்கிலோடு வந்து நின்றார்கள். பணம் அனுப்பிய உங்கள் எல்லோருக்கும் தனித்தனியாகக் கணக்கு அனுப்புகிறேன். வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

இப்போது அந்தப் பாட்டி விஷயத்துக்கு வருகிறேன்.

இங்கே ஒவ்வொரு வீட்டு முன்சுவரிலும் ஒரு சின்ன டப்பா தொங்கும். எங்களுடையது தண்ணீர் விற்கிற பிளாஸ்டிக் குவளை, கம்பி கட்டி ஆணியில் மாட்டியது. இருட்டுவதற்குள் அதில் கொஞ்சம் அரிசி போட்டு வைக்க வேண்டும். நடுராத்திரிக்கு மேல் ரோந்துக்காரர்கள் வீடு வீடாக வந்து அதைக் கொட்டிக்கொண்டு போவார்கள். ஜிம்பித்தான் என்று பேர். ஜிம்பித் என்றால் விரல் நுனியால் கிள்ளி எடுப்பது. நம் ஊர்ப் பிடி அரிசிக்குத் தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். அரிசியை விற்ற காசு தெருவிளக்குக்கும் பாடைக்கும் வாடகை நாற்காலிக்கும் போகும். பல ஊர்களில் அரிசிக்குப் பதில் 500 ரூபியா நாணயம் வந்துவிட்டது. எங்கள் தெரு இன்னும் மாறவில்லை.

ரொம்ப நாளாக இதை வெறும் வசூல் என்றுதான் நினைத்திருந்தேன். அவர்தான் விளக்கினார். அரிசி ஒரு சாக்குத்தான். ராத்திரி ஒரு ஆள் ஒவ்வொரு வாசலுக்கும் வந்து நிற்க வேண்டும், அதற்குத்தான் இந்த ஏற்பாடு. டப்பா காலியாக இருந்தால் உள்ளே யாருக்கோ உடம்பு சரியில்லை, அல்லது வீட்டில் ஆளே இல்லை என்று தெரிந்துவிடும். தெரிய வேண்டியவர்களுக்கு மட்டுமா தெரியும்? தெருவில் புதிதாகப் போகிறவனுக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரியில் இருந்த பத்தொன்பது நாளும் எனக்கு இந்த நினைப்பு வந்ததே இல்லை. அடுக்களைக் கதவு கரியாகிப் பின்பக்கம் திறந்து கிடந்த வீடு. உள்ளே பீரோவில் என் நகை, நிலப் பத்திரம், மாமனார் வைத்துவிட்டுப் போன கிரிஸ் கத்தி எல்லாம் இருந்தன. திரும்பி வந்தபோது ஒரு கரண்டிகூடக் காணாமல் போகவில்லை. முற்றத்தில் ஈர்க்கு விளக்குமாற்றின் கோடுகள் அன்று காலையில் பெருக்கியது போல் இருந்தன. அசதியில் நான் எதையும் யோசிக்காமல் படுத்துவிட்டேன்.

நடுராத்திரி செருப்புச் சத்தம், டார்ச் வெளிச்சம். அப்புறம் எங்கள் குவளையிலிருந்து அரிசி சலசலவென்று கொட்டுகிற சத்தம். திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தேன். நான் அரிசி போடவே இல்லையே!

மறுநாள் சாயங்காலம் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தேன். பக்கத்து வீட்டு ம்பா வந்தார். பாட்டியை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். வலது கை மூடியிருந்தது. இடது கையில் டிங்க்ளிக், நம் மணைப்பலகை மாதிரி குட்டை ஸ்டூல். என் வீட்டுக்காரர் நெடுநெடுவென்று உயரம், தன் உயரத்துக்கு அடித்த ஆணி அது. ம்பா என் தோளுக்கு வந்தால் அதிகம். டிங்க்ளிக்கைப் போட்டு ஏறி, சுவரில் இடது உள்ளங்கையை ஊன்றி, குவளைக்குள் கையைத் திறந்தார். இறங்கி, விரலில் ஒட்டியிருந்த இரண்டு பருக்கையையும் தட்டிவிட்டுப் போனார்.

போய்ப் பார்த்தால் வெள்ளைச் சுவரில் ஆணிக்குக் கீழே கைத்தடம். ம்பா இன்னும் விறகடுப்பில் சமைக்கிறார். கையில் எப்போதும் கரி. ஒரே இடத்தில் நாள்தோறும் ஊன்றி ஊன்றி அது ஒரு கறுப்பு அடையாளமாகப் படிந்திருந்தது. எனக்கு அங்கேயே முழங்கால் விட்டுப்போயிற்று.

பாக் எர்தே நோட்டைக் காட்டினார். தனி விதவை என்று ம்பாவுக்கு ஜிம்பித்தான் விலக்கு கொடுத்து வருஷமாகிறது. எங்கள் வீட்டுக்கு நேரே ஒரு நாள் பாக்கியில்லாமல் குறி. ரோந்துக்காரர்களுக்கும் தெரிந்திருக்கிறது, ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. "ஏன் ம்பா?" என்று என் ஙோகோவில் கேட்டேன். "காலியாத் தொங்கினா ஓரா இலோக்" என்றார், அவ்வளவுதான். அந்தி நேரத்தில் நகம் வெட்டினால் நம் பாட்டிகள் சொல்வார்களே, 'ஆகாதுடி' என்று? அதுதான் ஓரா இலோக். அதற்கு மேல் காரணம் கேட்கக் கூடாது.

இந்த நிலம் என் பேரில் இல்லை, என் பேருக்கு வரவும் வராது. 1960-ஆம் வருஷத்து நிலச் சட்டப்படி வெளிநாட்டுக்காரருக்கு இங்கே முழு நிலவுரிமை கிடையாது. நான் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தான். அந்தக் கவலை எனக்கு உள்ளூர உண்டு. வீடு விஷயம் வேறு. 2006 மே 27 அதிகாலை 5.53-க்கு வந்த நிலநடுக்கத்தில் மாமனார் கட்டிய பழைய வீடு ஒரு நிமிஷத்துக்குள் சரிந்தது. பாண்டுல், கிளாத்தென் பக்கம் 5,700 பேருக்கு மேல் செத்துப்போன காலை அது. இடிபாட்டுக்குள்ளிருந்து முழுச்செங்கல்லாகப் பொறுக்கிச் சுரண்டி, இதே தெருக்காரர்கள் முறை வைத்துக் கட்டிக் கொடுத்ததுதான் இப்போதுள்ள வீடு. செங்கல் சுரண்டியவர்களில் ம்பாவும் ஒருவர் என்று இப்போதுதான் தெரிந்தது. பத்திரத்தில் யார் பேர் இருந்தாலும், ரோந்து நோட்டில் எங்கள் வீட்டுக்கு ஒரு வரி இருக்கிறது. இனி பாக் எர்தே பாஸ்போர்ட் நகலை ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டேன். விருந்தாளி வந்த 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும் என்ற பலகையைப் பார்த்து என் அண்ணன் சண்டைக்குப் போனபோது நானும் அவன் பக்கம்தான் பேசினேன். பாக் எர்தே மன்னிக்க வேண்டும்.

ம்பாவுக்கு என்ன செய்வது? லெபாரான் (நோன்புப் பெருநாள்) சமயத்தில் அவர் மகள் வீட்டுக்குப் போகிற நாட்களில் அவர் டப்பாவை நான் நிரப்புவேன். விலக்கு இருந்தால் என்ன, காலியாகத் தொங்கக் கூடாது. உடனடியாகச் செய்ய முடிந்தது ஒன்றுதான்: அவர் ஏறி விழுந்துவிடக் கூடாதே என்று ஆணியைப் பிடுங்கி ஒரு முழம் கீழே அடித்தேன்.

மறுநாளே கோழி வந்து அரிசி முழுவதையும் கொத்திவிட்டது. ம்பா பார்த்துவிட்டு என்னைத் திட்டிய திட்டு ஙோகோவில்தான் இருந்தது, எனக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது. ஆணி இப்போது பழைய இடத்திலேயே இருக்கிறது. டிங்க்ளிக்கை அவர் எடுத்துக்கொண்டு போகவில்லை, எங்கள் சுவரோரமாகவே விட்டு வைத்திருக்கிறார்.