சோதனை மெதுவாக ஓடினால் டிஸ்க் கெட்டுவிட்டதா?

ஆசிரியருக்கு,

வீட்டு சர்வர் பற்றிய உங்கள் குறிப்பு நன்று. ஆனால் ஹார்ட் டிஸ்க் சோதனை மெதுவாக ஓடினால் டிஸ்க்கை மாற்றிவிடுங்கள் என்று ஒரே வரியில் முடித்தது சரியில்லை. இங்கே செங்கோட்டைப் பக்கம், ஆரியங்காவு தாண்டி புனலூர் வரை போய் கல்யாண வீடியோ எடுக்கிறவர்கள் பழைய கம்ப்யூட்டரில் நாலு டிஸ்க் மாட்டி அதையே சர்வராக ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு இது வீண் செலவு (கடைக்காரருக்கு சந்தோஷம்தான்).

கணக்கைப் பாருங்கள். 8 டிபி டிஸ்க், நொடிக்கு சராசரியாக 160 எம்பி என்றால் ஒருமுறை முழுக்கப் படிக்கவே சுமார் 14 மணி நேரம், அதுவும் தட்டின் வெளி விளிம்பில் வேகமாகத் தொடங்கி உள்ளே போகப் போக ஏறக்குறைய பாதியாகக் குறையும், அது இயல்பு. பேட்பிளாக்ஸ் (டிஸ்க்கில் கெட்ட இடங்களைத் தேடும் லினக்ஸ் நிரல்) செய்யும் எழுதும் சோதனை டிஸ்க் முழுக்க நான்கு தடவை எழுதி நான்கு தடவை படிக்கும். நாலைந்து நாள் ஆகத்தான் செய்யும்.

அதற்கும் மேல் இழுத்தால் அப்புறம் இணைப்பைப் பாருங்கள். யூஎஸ்பி 2.0 என்றால் நொடிக்கு 40 எம்பியைத் தாண்டுவதே அபூர்வம், அதே 8 டிபிக்கு ஒரு சுற்றே இரண்டு நாளுக்கு மேல். ஸ்மார்ட் அட்டவணையில் (டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் பட்டியல்) 199ஆம் எண் வரி, அதாவது சிஆர்சி பிழை (டிஸ்க்குக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையே தகவல் போகும்போது வரும் பிழை), ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் கேபிள்தான், புதுசு மாட்டிப் பாருங்கள். 5 (கெட்டுப்போய் மாற்றப்பட்ட இடங்கள்), 197 (படிக்க முடியாமல் நிற்கும் இடங்கள்) வரிகள் ஏறினால்தான் டிஸ்க் மேல் சந்தேகம். எஸ்எம்ஆர் வகை டிஸ்க் (தடங்களை ஒன்றன் மேல் ஒன்று சற்றுப் படியும்படி எழுதுவது) நல்ல நிலையில் இருந்தாலும் தொடர்ந்து எழுதும்போது திணறும். இதையும் அடுத்த வாரம் போடுங்கள்.

- ஒரு வாசகர், செங்கோட்டை