திரைப்பிடிப்பு எடுத்து அனுப்புங்கள்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கணினியில் கோளாறு வந்தால் பலரும் திரையைப் போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறீர்கள். ஆனால் அந்தப் படத்தில் கோடுகோடாக அலை விழுகிறது, டியூப்லைட் வெளிச்சம் அடிக்கிறது, பிழை எண் சரியாகத் தெரிவதில்லை. அந்த எண்ணை வைத்துத்தான் காரணத்தைத் தேடுகிறோம். 8 என்பதை 0 என்று படித்துவிட்டால் தேடல் வேறு பக்கம் போய்விடும். கணினியிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் உங்கள் வேலை சீக்கிரம் முடியும்.

இதற்காக எந்த மென்பொருளையும் பதிவிறக்க வேண்டாம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் திரையைப் படம் எடுக்கும் ஸ்னிப்பிங் டூல் என்ற செயலி கூடவே வருகிறது. கீபோர்டில் விண்டோஸ், ஷிஃப்ட், எஸ் மூன்று கீகளையும் சேர்த்து அழுத்துங்கள். திரை மங்கும். மவுஸை இழுத்து வேண்டிய பகுதியைத் தேர்ந்தெடுங்கள். பிறகு வாட்ஸ்அப் வெப்பிலோ மெயிலிலோ கண்ட்ரோல், வி அழுத்தினால் படம் வந்துவிடும். பிழைப் பெட்டியை மட்டும் வெட்டி எடுக்காமல் ஜன்னல் முழுவதையும் எடுங்கள். எந்த மென்பொருள், எந்தப் பக்கம் என்பதும் எங்களுக்குத் தெரிய வேண்டும். ஆல்ட்டுடன் பிரிண்ட் ஸ்கிரீனை அழுத்தினால் திறந்திருக்கும் ஜன்னல் மட்டும் அப்படியே கிடைக்கும்.

சில மெனுக்கள் வேறு கீயைத் தொட்டதும் மறைந்துவிடும். ஸ்னிப்பிங் டூலைத் திறந்து, தாமதம் 5 நொடி என்று வைத்து, நியூ பட்டனை அழுத்திவிட்டு, அதற்குள் மெனுவைத் திறந்து வையுங்கள்.

வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கி, சின்ன எழுத்துகள் கலங்கிவிடும். படத்தை பிஎன்ஜி கோப்பாகச் சேமித்து, டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள்.

அடுத்து சொல்வதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். ஜிஎஸ்டி பக்கம், வங்கிக் கணக்கு, சம்பளப் பட்டியல் எல்லாம் திரையில் இருக்கும்போது எடுத்த படங்கள் எங்களுக்கு வருகின்றன. கடவுச்சொல், ஓடிபி, கணக்கு எண், உங்கள் வாடிக்கையாளர்களின் போன் எண் இவற்றில் எதுவும் எங்களுக்குத் தேவையில்லை. அனுப்பும் முன் மறைத்துவிடுங்கள். மங்கலாக்கினால் போதாது, கட்டம் கட்டமாகச் சிதைத்த எழுத்தைச் சில சமயம் மீட்டுவிட முடியும். ஹைலைட்டரும் உதவாது, அடியில் இருப்பது தெரியும். பெயிண்ட்டில் திறந்து முழுக் கறுப்புக் கட்டம் போட்டு மூடிச் சேமியுங்கள். விண்டோஸ் அப்டேட்டையும், மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வழியாக வரும் செயலி அப்டேட்டையும் தள்ளிப்போடாதீர்கள். 2023 மார்ச்சில் விண்டோஸ் 11-இன் ஸ்னிப்பிங் டூலில் ஒரு ஓட்டை தெரியவந்தது. படத்தை வெட்டி அதே கோப்பின் மேல் சேமித்தால், வெட்டிய பகுதியின் தரவு கோப்பின் கடைசியில் ஒட்டிக்கொண்டே இருந்தது. மைக்ரோசாஃப்ட் அதே மாதம் அதைச் சரிசெய்தது. அதற்கு முன் எடுத்த படங்களை யாருக்கும் அனுப்பாமல் புதிதாக எடுத்துவிடுவதே நல்லது.

ஒரே படத்தில் புரியாத கோளாறு என்றால் வீடியோ எடுக்கலாம். விண்டோஸ் 11-இல் ஸ்னிப்பிங் டூலிலேயே வீடியோ பட்டன் இருக்கிறது. விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் விண்டோஸ், ஜி அழுத்தி, கூடவே வரும் கேம் பார் என்ற பதிவுக் கருவியைத் திறக்கலாம், ஆனால் அது ஒரு செயலியின் ஜன்னலை மட்டுமே பதியும், டெஸ்க்டாப்பைப் பதியாது. டியூஷன், பயிற்சி வகுப்பு நடத்துபவர்களுக்கு திரையை வீடியோவாகப் பதியும் ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற மென்பொருளைச் சொல்வோம். இலவசம், வாட்டர்மார்க்கும் கிடையாது. அதில் பதிவை எம்கேவி வடிவில் வையுங்கள். நடுவில் கரண்ட் போனால் சாதாரண எம்பி4 கோப்பு திறக்காமலே போகலாம், எம்கேவியில் அதுவரை பதிந்தது மிஞ்சும். அப்புறம் ஓபிஎஸ்ஸிலேயே எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம்.

காசு கொடுத்துப் பார்க்கும் சினிமா, சில பாதுகாப்பான பக்கங்கள் ஆகியவற்றைப் படம் எடுத்தால் கறுப்பாகத்தான் வரும். வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள், உங்கள் கணினியில் பழுது இல்லை.

படத்துடன் ஒரே ஒரு வரியும் எழுதுங்கள்: பிழை வருவதற்குச் சற்று முன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று. கீபோர்டில் எந்த கீ என்று குழப்பமாக இருந்தால் கடைக்குப் போன் செய்யுங்கள், கூடவே இருந்து சொல்லித் தருகிறோம்.

அன்புடன்,
உங்கள் கணினி விற்பனை, சர்வீஸ் கடையினர்