புராஸ்டேட்டுக்கு ஒரு மாத்திரை, படுக்கையறைக்கு இன்னொன்று

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆண்களின் சிறுநீர்த் தொல்லை பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான மருத்துவக் கட்டுரை பயனுள்ளது. ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பியான புராஸ்டேட்டின் வீக்கம், அதன் அறிகுறிகள், ஸ்கேன், அறுவை சிகிச்சை எல்லாவற்றையும் தொட்டிருந்தது. ஆனால் ஐம்பதைத் தாண்டிய ஆண்கள் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் விஷயம் மட்டும் விடுபட்டுப்போனது. விறைப்புக் குறைபாட்டுக்கான மாத்திரை புராஸ்டேட்டைக் கெடுக்குமா? புராஸ்டேட்டுக்கான மாத்திரை விறைப்பைக் கெடுக்குமா? இரண்டையும் சேர்த்துச் சாப்பிடலாமா?

முதல் கேள்விக்குப் பதில் சுலபம்: கெடுக்காது. சில்டெனாஃபில், டாடலாஃபில் போன்ற விறைப்பு மாத்திரைகள் புராஸ்டேட்டைப் பெரிதாக்குவதில்லை. புற்றுநோயை வரவழைப்பதாகச் சான்றும் இல்லை. சொல்லப்போனால், புராஸ்டேட் வீக்கத்தால் வரும் சிறுநீர்த் தொல்லைக்கே டாடலாஃபிலை தினமும் 5 மி.கி. கொடுக்க அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2011-இல் அனுமதி அளித்தது. பாலுணர்வு தூண்டப்படும்போது நரம்பு நுனிகளிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு வெளிப்பட்டு, சி.ஜி.எம்.பி. என்ற பொருளைப் பெருக்குகிறது. அதனால் ரத்தக்குழாய்களின் தசை தளர்ந்து ரத்தம் உள்ளே பாய்கிறது. அந்தப் பொருளைச் சிதைக்கும் பி.டி.இ.-5 என்ற நொதியைத் தடுப்பதுதான் இந்த மாத்திரைகளின் வேலை. அதே நொதி புராஸ்டேட்டிலும் சிறுநீர்ப்பைக் கழுத்திலும் இருப்பதால் அங்கேயும் தசை தளர்கிறது. அடிக்கடி போவதும், அடக்க முடியாமல் ஓடுவதும் ஓரளவு குறையும். அதற்காகச் சுரப்பி சுருங்கிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. சிறுநீர் பாயும் வேகமும் பெரிதாகக் கூடுவதில்லை. சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் தேங்கும் நிலைக்கு வந்தவர் இதை மட்டும் நம்பிக் காலம் கடத்தினால் சிறுநீரகத்துக்கே ஆபத்து.

இரண்டாவது கேள்விக்கு அவ்வளவு எளிதாகப் பதில் சொல்ல முடியாது. புராஸ்டேட் மருந்துகளில் இரண்டு வகை உண்டு. டாம்சுலோசின், சிலோடோசின், அல்ஃபுசோசின் போன்றவை தசையைத் தளர்த்துபவை. சில நாட்களிலேயே பலன் தெரியும். இவற்றில், குறிப்பாக முதல் இரண்டில், விந்து வெளியே வராமலோ மிகக் குறைவாகவோ போகலாம். பயந்துபோய் மருந்தை நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். அதனால் உடலுக்குக் கேடில்லை, குழந்தை வேண்டும் என்பவர் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொள்ளப்போகிறவர் கண் மருத்துவரிடமும் இந்த மாத்திரையின் பெயரைச் சொல்ல வேண்டும். அறுவையின்போது கருவிழிப்படலம் தொய்ந்துபோய்ச் சிக்கல் தரும். முன்பு எப்போதோ சாப்பிட்டு நிறுத்தியிருந்தாலும் சொல்வது அவசியம்.

ஃபினாஸ்டெரைடு 5 மி.கி., டூட்டாஸ்டெரைடு 0.5 மி.கி. ஆகியவை மற்ற வகை. இவைதான் சுரப்பியை நிஜமாகவே சுருக்குபவை. பலன் தெரிய ஆறு மாதமாவது ஆகும். சிலருக்கு ஆசையே குறையும், விறைப்பும் குறையும். ஆசை குறைந்த இடத்தில் சில்டெனாஃபில் போட்டுப் பயனில்லை. தூண்டுதல் இருந்தால்தான் அது வேலை செய்யும். இந்த வகை மருந்து, புராஸ்டேட் புற்றுநோயைச் சந்தேகிக்க உதவும் ரத்தப் பரிசோதனையான பி.எஸ்.ஏ.யின் அளவை ஏறத்தாழ ஆறு மாதத்தில் பாதியாக இறக்கிவிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பரிசோதனைத் தாளில் 3 என்று வந்தால், வழக்கமான வரம்பான 4-க்குக் கீழேதானே என்று நிம்மதி அடையக் கூடாது. இரண்டால் பெருக்கி 6 என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். மருந்தில் இருக்கும்போது மிகக் குறைந்த அளவுக்கு இறங்கிய பி.எஸ்.ஏ. மீண்டும் ஏறத் தொடங்கினால், தாளில் உள்ள எண் எவ்வளவு சின்னதானாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். முடி உதிர்வுக்குச் சாப்பிடும் 1 மி.கி. ஃபினாஸ்டெரைடும் இதே போல் இறக்கும். முடிக்கான மாத்திரையை யார் மருந்துக் கணக்கில் சேர்க்கிறார்கள்? பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள் உடலுறவையும் நீண்ட சைக்கிள் பயணத்தையும் தவிர்ப்பது நல்லது. சிறுநீர்த் தொற்று வந்திருந்தால், குணமாகி ஆறு வாரமாவது கழித்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது கேள்வியில்தான் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. புராஸ்டேட் தசையைத் தளர்த்தும் மருந்தும், விறைப்பு மாத்திரையும் தனித்தனியே ரத்த அழுத்தத்தைச் சற்று இறக்கக்கூடியவை. சேர்ந்தால் இறக்கமும் கூடும். படுத்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. நடு இரவில் சிறுநீர் முட்டி, சட்டென்று எழுந்து கழிப்பறைக்குப் போய் நிற்கும்போது கண் இருட்டும். விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். டாக்சாசோசின், டெராசோசின் ஆகியவற்றில் இந்த அபாயம் அதிகம், டாம்சுலோசினில் குறைவு. சேர்க்கவே கூடாது என்பதில்லை. முதலில் புராஸ்டேட் மருந்தை ஒரே அளவில் சாப்பிட்டு, தலைசுற்றல் ஏதுமின்றி உடல் பழகியிருக்க வேண்டும். அதன் பிறகு விறைப்பு மாத்திரையை மிகக் குறைந்த அளவில், சில்டெனாஃபில் என்றால் 25 மி.கி.யில், மருத்துவர் தொடங்குவார். இரண்டையும் ஒரே நாளில் புதிதாகத் தொடங்குவது தப்பு. விறைப்பு மாத்திரை சாப்பிடும் அன்று மது கூடாது. இரவில் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுவதும், சிறுநீரை உட்கார்ந்தபடி கழிப்பதும் நல்லது.

நைட்ரேட் விஷயத்தில் மட்டும் இப்படி அனுசரித்துப் போக வழியே இல்லை. நெஞ்சுவலிக்காக நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின், ஐசோசார்பைடு டைநைட்ரேட், தினமும் விழுங்கும் ஐசோசார்பைடு மோனோநைட்ரேட் எதுவானாலும் சரி, விறைப்பு மாத்திரையோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போகும். சில்டெனாஃபில் சாப்பிட்டு 24 மணி நேரமும், டாடலாஃபில் சாப்பிட்டு 48 மணி நேரமும் நைட்ரேட் தொடக் கூடாது. டாடலாஃபில் உடலில் நெடுநேரம் தங்கும். வெள்ளிக்கிழமை இரவு சாப்பிட்டவருக்கு ஞாயிறு மாலையிலும் அது ரத்தத்தில் இருக்கும். புராஸ்டேட்டுக்கென்று தினமும் 5 மி.கி. சாப்பிடுபவருக்கு அது எப்போதுமே இருக்கும். ‘நான் அந்த மாதிரி மாத்திரை எதுவும் போடுவதில்லை, புராஸ்டேட்டுக்குத்தான் சாப்பிடுகிறேன்’ என்று அவர் அவசர சிகிச்சைப் பிரிவில் நல்லெண்ணத்தோடு சொல்லிவிடுவார் என்பதே எங்கள் கவலை. உடலுறவின்போது நெஞ்சு வலித்தால் உடனே நிறுத்தி, உட்கார்ந்து, ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். வீட்டில் இருக்கும் நைட்ரேட்டை நாக்கின் அடியில் வைத்துவிடக் கூடாது. என்ன மாத்திரை, எத்தனை மணிக்குச் சாப்பிட்டது என்ற இரண்டையும் வருபவரிடம் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். கணவரின் வாய் அடைத்துப்போனால் மனைவிக்காவது அது தெரிந்திருக்க வேண்டும்.

மாத்திரை ‘வேலை செய்யவில்லை’ என்று அளவைத் தாமாகவே கூட்டிக்கொள்பவர்கள் முதலில் நேரத்தைப் பார்க்கட்டும். கொழுப்பு மிகுந்த உணவுக்குப் பின் சில்டெனாஃபில் சாப்பிட்டால் அது தாமதமாகத்தான் ஏறும். வயிறு ஓரளவு காலியாக இருக்கையில், சுமார் ஒரு மணி நேரம் முன்னதாகச் சாப்பிட வேண்டும். டாடலாஃபிலுக்கு உணவுத் தடை இல்லை. ஒரு தடவை பலிக்கவில்லை என்று கைவிடவும் வேண்டாம். சரியான அளவில் ஆறேழு தடவை பார்த்த பிறகே மருத்துவர்கள் மருந்தை மாற்றுவார்கள். கிளாரித்ரோமைசின் என்ற கிருமிக்கொல்லி, கீட்டோகொனசோல் என்ற பூஞ்சை மருந்து போன்றவை சில்டெனாஃபில் ரத்தத்தில் தேங்கும்படி செய்யும், அந்த நாட்களில் பழைய அளவே அதிகமாகிவிடும். தலைவலி, முகம் சிவத்தல், மூக்கடைப்பு, நெஞ்செரிச்சல் தாமாகவே அடங்கும். டாடலாஃபிலில் மறுநாள் முதுகுவலி வருவதும் உண்டு. பார்வையோ காது கேட்பதோ திடீரென்று போனாலும், விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் இறங்காமல் நின்றாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

‘மூலிகைப் பொடி, பக்கவிளைவே கிடையாது’ என்று விற்கப்படும் பல பொருள்களில் சில்டெனாஃபிலையே ரகசியமாகக் கலந்திருப்பது ஆய்வகச் சோதனைகளில் திரும்பத் திரும்பப் பிடிபட்டிருக்கிறது. பொடி சாப்பிட்ட அரை மணியில் முகம் சிவந்து மூக்கடைத்தால் அது மூலிகையின் மகிமை அல்ல. அளவும் தெரியாது, பெயரும் தெரியாது. நைட்ரேட் எடுப்பவருக்கு அதைவிடக் கேடு வேறில்லை.

விறைப்புக் குறைபாட்டை வயதின் கணக்கிலோ புராஸ்டேட்டின் கணக்கிலோ எழுதிவிட்டுப் போவதும் சரியல்ல. ஆணுறுப்பின் தமனிகள் இதயத் தமனிகளைவிடக் குறுகலானவை என்பதால் அடைப்பு அங்கே முதலில் தெரியலாம். நெஞ்சுவலிக்குச் சில ஆண்டுகள் முன்பே இது தலைகாட்டுவதுண்டு. மாத்திரை எழுதும் முன் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றையும், தேவைப்பட்டால் காலையில் எடுத்த ரத்தத்தில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனின் அளவையும் பார்ப்பது அதனால்தான்.

கட்டுரையின் அடுத்த பகுதி வருமானால், நைட்ரேட் எச்சரிக்கையைப் பெட்டிச் செய்தியாகவே போடும்படி கேட்டுக்கொள்கிறோம். 24, 48 என்ற இரண்டு எண்களும், தினசரி 5 மி.கி. டாடலாஃபிலும் இதே வகை மருந்துதான் என்ற வரியும் அதில் இடம்பெற வேண்டும்.

இப்படிக்கு,
மருந்தியல் துறை வாசகர்கள்