பகா எண் சோதனைக்கு நிரல் எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நண்பர்களே, வணக்கம்.

போன மாதம் வேலையிடத்தில் ஒருவருடைய நிரலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் எண் பகா எண்ணா என்று பார்க்கும் மில்லர்–ராபின் சோதனைக்கான இடத்தில் 2, 3, 5, 7 என்று தொடங்கி 37 வரை 12 பகா எண்களை அடிமானங்களாக, அதாவது அடுக்கேற்றிச் சோதித்துப் பார்க்கும் எண்களாக, நிரலிலேயே எழுதி வைத்திருந்தார். ஏன் என்று கேட்டால், "எல்லாரும் இப்படித்தான் எழுதுகிறார்கள், வேகமாகவும் ஓடுகிறது" என்றார். 64 பிட்டுக்குள் அடங்கும் எண் என்றால் அவர் செய்தது சரி, அந்த அளவுக்கு இந்த 12 போதும் என்று நிரூபித்தே இருக்கிறார்கள். ஆனால் அந்த நிரல் சோதிக்க வேண்டியது வெளியிலிருந்து யாரோ அனுப்பும் 2048 பிட் எண்ணை! அந்தப் பட்டியலை இணையத்தில் பார்த்து அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளும் எல்லாருக்கும்தான் இந்த மடல்.

ராமானுஜத்தால் நமக்கெல்லாம் தெரிந்த 1729-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 7, 13, 19 மூன்றையும் பெருக்கினால் வருவது, அதாவது பகு எண். p ஒரு பகா எண் என்றால், அதன் மடங்காக இல்லாத எந்த அடிமானத்தின் (p−1)-ஆம் அடுக்கையும் p-ஆல் வகுத்தால் மீதி 1 என்கிறது ஃபெர்மாவின் சிறிய தேற்றம். அதை வைத்துச் சோதித்தால் 1729 நம்மை நன்றாக ஏமாற்றும்: 1 முதல் 1728 வரை உள்ள அடிமானங்களில் 1296, இதைப் பகா எண் போலவே காட்டுகின்றன. மில்லர்–ராபின் அதே கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் போடுகிறது. 1728 என்பது 27-ஐ ஆறு முறை இரட்டித்தது. முதலில் 2-இன் 27-ஆம் அடுக்கை 1729-ஆல் வகுத்தால் மீதி 645. அதை வர்க்கப்படுத்தி வகுத்தால் 1065. அதையும் வர்க்கப்படுத்தினால் மீதி 1. பகா எண்ணாக இருந்தால் வர்க்கம் 1 ஆவதற்கு முந்தைய மீதி 1 ஆகவோ 1728 ஆகவோதான் இருக்க முடியும், 1065 வரவே வராது. ஆக, 2 என்ற ஒரே சாட்சி போதும், 1729 மாட்டிக்கொண்டது. இந்தச் சோதனையில் அதற்காகப் பொய் சொல்லும் அடிமானங்கள் 162 மட்டுமே.

எந்த ஒற்றைப்படைப் பகு எண்ணை எடுத்தாலும் பொய்ச்சாட்சிகள், அதாவது அதைப் பகா எண் போலக் காட்டும் அடிமானங்கள், கால் பங்குக்கு மேல் இருக்காது என்று 1980-இல் வெளியான கட்டுரையில் ராபின் காட்டினார். இந்த உத்தரவாதம் எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள், எண்ணைத் தேர்ந்தெடுத்தவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அது செல்லும். ஒரே நிபந்தனை, அடிமானத்தை நாம் சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும், அதுவும் எண் நம் கைக்கு வந்த பிறகு. பட்டியலை முன்னாடியே எழுதி வைத்தால் அது வினாத்தாள் கசிந்த தேர்வு. அந்த 12 கேள்விக்கு மட்டும் தயாராகி வரும் பகு எண்ணை ஒருவர் உட்கார்ந்து செய்துவிடலாம்.

செய்தும் காட்டிவிட்டார்கள். 1995-இல் பிரான்சுவா ஆர்னோ என்ற கணிதவியலாளர் 397 இலக்கம் கொண்ட ஒரு பகு எண்ணைக் கட்டினார், 307-க்குக் குறைந்த எல்லாப் பகா எண்களும் அதற்குப் பொய்ச்சாட்சி சொல்கின்றன. பட்டியலை 12-இலிருந்து 60 ஆக நீட்டினாலும் அது தப்பித்துவிடும். அதற்கப்புறம் 2018-இல் மார்ட்டின் ஆல்பிரெக்ட், கென்னி பேட்டர்சன் உள்ளிட்ட நால்வர், பலரும் நம்பிப் பயன்படுத்தும் நிரல் நூலகங்களையே சோதித்து, நிலையான அடிமானங்களாலும் குறைவான சுற்றுகளாலும் (ஓர் அடிமானத்தை வைத்துச் சோதிப்பது ஒரு சுற்று) அவற்றில் பல ஏமாறுவதைக் காட்டினார்கள். ஏமாந்தால் என்ன ஆகும்? இருவர் பிறர் பார்க்கும் வழியிலேயே பேசி ஒரு ரகசியச் சாவியை உருவாக்கிக்கொள்ளும் டிஃபி–ஹெல்மன் சாவிப் பரிமாற்றத்தில் பகா எண் என்று நம்பி ஏற்றுக்கொண்டது உண்மையில் சின்னச் சின்னக் காரணிகளின் பெருக்கமாக இருந்தால், ரகசியத்தைத் துண்டு துண்டாகப் பிரித்தே கண்டுபிடித்துவிடலாம்.

சீட்டுக் குலுக்குவது கணிதமா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். வாய்ப்பே கலக்காமல் விரைவாகத் தீர்ப்புச் சொல்லும் முறையை 2002-இல் ஐஐடி கான்பூரில் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் கண்டுபிடித்தது எனக்கும் பெருமைதான், அந்த நிரூபணத்தை இன்றைக்கும் வியந்து படிக்கிறேன். ஆனால் 300 இலக்க எண்ணுக்கு நடைமுறையில் அது ரொம்ப மெதுவு. மில்லர்–ராபினை 64 சுற்று ஓட்டினால் ஒரு பகு எண் தப்பிக்கும் வாய்ப்பு 2-இன் 128-ஆம் அடுக்கில் ஒன்றுக்கு மேல் போகாது. சுற்று கூடினால் நேரம் வீணாகும் என்ற பயமும் வேண்டாம், பகு எண் பெரும்பாலும் முதல் சுற்றிலேயே விழுந்துவிடும்.

அதனால் உங்களிடம் கேட்பது இதுதான். இன்றைக்கே உங்கள் நிரலைத் திறந்து பாருங்கள். வெளியார் தரும் பெரிய எண்ணைச் சோதிக்கும் இடத்தில் அந்தப் பட்டியல் இருந்தால் எடுத்துவிடுங்கள். அடிமானத்தை ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாக, இயங்குதளம் சாவிகளுக்காகவே தரும் சமவாய்ப்பு எண்களிலிருந்து எடுங்கள், எல்லாருக்கும் தெரிந்த ஒரே விதையிலிருந்து (தொடக்க எண்ணிலிருந்து) கிளம்பும் வரிசையிலிருந்து வேண்டாம். சுற்று எண்ணிக்கையை 64 ஆக்குங்கள். ஆர்னோவின் எண்ணையும் உங்கள் சோதனைத் தொகுப்பில் சேர்த்து, உங்கள் நிரல் அதைப் பகு எண் என்று பிடிக்கிறதா என்று ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

அன்புடன்,
உங்களைப் போல நிரல் எழுதும் ஒருவன்