எழுத்தைப் பொறுக்கித் தந்த கைகளுக்கு

பினாங்கு கடைத்தெருச் சொந்தங்களுக்கும், எங்கெங்கிருந்தோ ஓடி வந்து தோள் கொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

நேற்று சாயங்காலம் சாரத்தைப் பிரித்துவிட்டார்கள். எங்கள் கடையின் முகப்பு முழுசாகத் தெரிகிறது. இதை எழுதும்போதும் மனது படபடவென்றுதான் இருக்கிறது. சொல்வது முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த மழை ராத்திரி கடை முகப்பு இடிந்து விழுந்ததையும், அதற்கு முன்பு பக்கத்து மனையில் நடந்த வேலையையும், அப்புறம் ஓடிய பேச்சுவார்த்தைகளையும் நான் திரும்ப எழுதப் போவதில்லை. தெருவில் எல்லோரும் கண்ணால் பார்த்ததுதான். நன்றி சொல்ல மட்டுமே இந்த மடல்.

குத்துவிளக்குகளையும் பித்தளைக் குடங்களையும் நனைந்துபோன ஊதுபத்திப் பெட்டிகளையும் விடிய விடிய கை மாற்றிக் கொண்டுபோய் வைத்த பிள்ளைகளே, இடம் ஒதுக்கித் தந்த கோயில்காரர்களே, காசை நீட்டினால் முறைத்துவிட்டுப் பொட்டலத்தைக் கையில் திணித்த நாசி கண்டார் சோற்றுக்கடை பாய், என் அம்மாவைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய்ப் படுக்க வைத்த பூக்கடை அக்கா, காசு வாங்காமல் கடிதங்கள் எழுதித் தந்த வழக்கறிஞர் தம்பி, மாநகர் மன்றத்தில் எங்கள் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று தேடிப் பிடித்துச் சொன்ன மலாய் அக்கா, இடிந்த முகப்பை இஞ்சு இஞ்சாக அளந்து படம் வரைந்து கொடுத்த கட்டடக்கலை மாணவர்களே, உங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். எழுதுவேன். இன்று மட்டும் ஒருவரைப் பற்றி விரிவாகச் சொல்ல அனுமதி கொடுங்கள். அவர் இதைப் படிக்கப் போவதில்லை, அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. பெயரைப் போடக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். நம் தெருவில் இருப்பவர்களுக்கு யார் என்று தெரியும்: எதிர் வரிசைக் கோப்பிக்கடையில் காலையில் உட்கார்ந்திருக்கும் சீன அங்கிள்தான்.

மறுநாள் விடிந்தபோது முகப்பின் மேற்பாதி, கடைக்கு முன்னாலிருக்கும் கூரை போட்ட நடைபாதையான அஞ்சடியில் குவியலாகக் கிடந்தது. அள்ளிப் போட லோரி வந்துவிட்டது. மண்வெட்டியால் வாரி ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். எங்களுக்கு அப்போது சாமான்களைப் பற்றித்தான் கவலை. கூரை நிற்குமா, அம்மா எங்கே, மின்சாரம் நிறுத்தியாச்சா, இதுதான் ஓடிக்கொண்டிருந்தது. முகப்பில் சுண்ணாம்பால் வடித்திருந்த தாத்தாவின் பெயர் அந்தக் குவியலுக்குள் இருக்கிறது என்பதை யாரும் நினைக்கவில்லை. அங்கிள் நினைத்தார். தூறலில் குடையோடு ஒரு பிளாஸ்டிக் பேசினைத் தூக்கிக்கொண்டு வந்து குவியலுக்கு முன்னால் குந்தினார். மண்வெட்டிக்காரரைப் பார்த்துக் கையை உயர்த்தி, "துங்கு டூலு", கொஞ்சம் பொறு, என்று மலாயில் சொன்னார். அவ்வளவுதான். அப்புறம் பொறுக்க ஆரம்பித்தார்.

வளைவு இருக்கிற துண்டு, பள்ளம் இருக்கிற துண்டு, செங்காவி ஒட்டிய துண்டு. ஒவ்வொன்றையும் பேசின் தண்ணீரில் லேசாகக் காட்டி, சீன நாளிதழை அஞ்சடித் தரையில் விரித்து அதன்மேல் அடுக்கினார். ஓர் எழுத்துகூட அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் எத்தனையோ வருடமாக அந்தச் சுவரைப் பார்த்தபடியே கோப்பி குடித்தவர். எது எதற்குப் பக்கத்தில் என்பது கண்ணில் பதிந்திருந்தது. சந்தேகம் வந்த துண்டைத் திருப்பி முதுகைத் தடவிப் பார்த்தார். பூசும் கரணை எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் இழுத்திருக்கிறது என்பதை வைத்து மேல் எது, கீழ் எது என்று சொன்னார். அவரும் ஒரு காலத்தில் சுவர் பூசியவர். சீனர்களின் சங்க வீடுகளுக்கும் கோயில்களுக்கும் சுண்ணாம்பு வேலை செய்தவர். அன்றைக்குத்தான் எனக்கு அது தெரியும்.

நான் போய்ப் பக்கத்தில் குந்தியபோது, "தங்கச்சி, இது செய்தவன் கை நல்ல கை" என்றார். அழுதுவிட்டேன். அதுவரை அழ நேரமில்லை.

பொறுக்கியதில் பெயர் பெரும்பாலும் தேறிவிட்டது. கடைசியில் வரும் லை மட்டும் தூளாகியிருந்தது. இப்போதைய லை இல்லை, முன்னால் தும்பிக்கை வளைந்து நிற்கும் பழைய லை. தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து, பிறகு இங்கேயும் அச்சிலும் பள்ளியிலும் அது மாறிப்போனது. என் பிள்ளைகள் அதைத் தாத்தா சுவரில் மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள்.

அதற்குள் சிமெண்டு பேச்சு வந்துவிட்டது. சிமெண்டு பூசி, பிளாஸ்டிக் எழுத்து ஒட்டி, சீக்கிரம் கடையைத் திறந்துவிடலாம் என்றார்கள். நல்லெண்ணத்தில் சொன்னவர்களும் உண்டு. அங்கிள் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். இந்தப் பழைய கடைவீடுகளின் செங்கல் மென்மையானது, அடியில் ஈரத்தைத் தடுக்க எதுவும் போடாமல் எழுப்பியது. தரை ஈரம் சுவரில் ஏறிக்கொண்டேதான் இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்டு அதை உள்ளேயே அடைத்துவிடும். அப்புறம் உப்பு பூத்து, செங்கல் உள்ளுக்குள்ளேயே மாவாகும். வெளியிலிருந்து பார்த்தால் சுவர் பளிச்சென்று இருக்கும். நம் தெருவில் இப்படி வீங்கி உரிகிற சுவர்களை இப்போது நானே அடையாளம் காட்டுவேன்.

சரி, சுண்ணாம்புக்கு எங்கே போவது? சாயங்காலம் மகனுடைய வேனில் ஒரு தோம்பை, பெரிய பீப்பாயை, ஏற்றிக்கொண்டு வந்தார். மூடியைத் திறந்தால் மேலே ஒரு சாண் தண்ணீர், அடியில் வெண்ணெயாட்டம் சுண்ணாம்பு. சுண்ணாம்புக் கல்லைச் சுட்டு, நீற்றி, காற்றுப் படாமல் தண்ணீருக்கடியில் மாதக்கணக்கில் ஊறப் போட்டால்தான் அந்த வழுவழுப்பு வரும். சுவரில் ஏறியபிறகு காற்றிலிருக்கும் கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து மறுபடியும் கல்லாகும். சுண்ணாம்பை மூட்டையில் வாங்கலாம், ஊறிய காலத்தை வாங்க முடியாது. அதை அவர் தன் வீட்டு முன்சுவருக்காக ஊற வைத்திருந்தார். இது அவர் சொல்லவில்லை, வேன் ஓட்டி வந்த மகன் போகும்போது சொன்னது.

அடுத்து நடந்ததை இந்தத் தெரு மறக்காது என்று நினைக்கிறேன். கோயில் திருப்பணிக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த சுதைச் சிற்பி ஒருவரை இளைஞர்கள் கூட்டி வந்தார்கள். ஐயா தோம்புக்குள் கைவிட்டு ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டிப் பார்த்தார். அங்கிளைப் பார்த்துக் கும்பிட்டார். கடுக்காயும் வெல்லமும் கேட்டார், கடையிலேயே இருந்தது. அங்கிள் தங்கள் ஆட்கள் முன்பெல்லாம் புளுட் என்கிற ஒட்டரிசியைக் கஞ்சியாகக் காய்ச்சிக் கலப்பார்கள் என்று மலாயில் சொன்னார், நான் தமிழில் சொன்னேன். இருவருக்கும் பொதுவான மொழி கிடையாது. பாதி நேரம் என் மொழிபெயர்ப்பும் தேவைப்படவில்லை. "போதும்", "இன்னும் கொஞ்சம்", "தண்ணி தெளி" இதெல்லாம் கையாலேயே நடந்தது.

பெயரின் இரண்டு பக்கமும் பூ இருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தாமரை என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். இடது பக்கப் பூ பாதி போயிருந்தது. அதைப் புதிதாகச் செய்ய ஐயா உட்கார்ந்தபோது, "இது தாமரை மாதிரி இல்லையே அம்மா" என்றார். அங்கிள் எட்டிப் பார்த்துவிட்டு, இது பியோனி, சீனர்கள் விரும்பிச் செதுக்கும் பூ, தன் குருநாதர் தனக்குச் சொல்லிக்கொடுத்த இதழ் வரிசை இதுதான் என்றார். அப்படியானால் தாத்தாவின் பெயரைச் சுவரில் ஏற்றியது ஒரு சீனப் பூச்சு வேலைக்காரர். தாத்தா காகிதத்தில் எழுதிக் கொடுத்த தமிழைப் பார்த்துப் பார்த்து, ஒரு புள்ளி பிசகாமல் வடித்திருக்கிறார். தாமரை கேட்டவருக்குத் தன் கைக்குத் தெரிந்த பூவைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். தாத்தாவும் அதை ஏற்றுக்கொண்டு அதன் கீழேயே கடைசிவரை வியாபாரம் செய்திருக்கிறார்.

ஐயா இப்போது வேண்டுமானால் சரியான தாமரையாகவே செய்து தருகிறேன் என்றார். வேண்டாம், இருந்தது போலவே செய்யுங்கள் என்றேன். திருவாசியும் யாளியும் செய்த கை, அங்கிள் பக்கத்தில் நின்று காட்டக் காட்டப் பியோனி இதழ் மடித்தது. அடுத்த நாள் தும்பிக்கை லை ஏறும்போது ஈரச் சுண்ணாம்பைப் பதம் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்தது அங்கிள்.

நம் அடையாளம் எது என்று யாராவது கேட்டால் கோபுரத்தைக் காட்டுகிறோம். காட்ட வேண்டியதுதான். குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் 1833இலிருந்து அங்கே நிற்கிறது. ஆனால் கடைவீட்டையும் காட்ட வேண்டும் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. நீளமாக உள்ளே போகும் வீடும் நடுவில் வானம் பார்த்த முற்றமும் தென்சீனத்துக்காரர்களோடு வந்தது. முன்னாலிருக்கும் அஞ்சடி, 1822இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூர் நகரத் திட்டத்தில் கட்டாயமாக்கிய வழக்கம், பினாங்கு, மலாக்கா போன்ற நீரிணைப் பட்டணங்களில் பரவியது. அதே அஞ்சடியில் விடியற்காலையில் கோலம் போடுவது நாம். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலைத் தொடங்கியவர்கள் இந்திய முஸ்லிம்கள், இன்று அதன் தலையில் இருப்பது முகலாயப் பாணிக் கும்மட்டம். சீனப் பணக்காரர் சியோங் ஃபாட் சே கட்டிய மாளிகையின் நீலம், சுண்ணாம்பில் அவுரி கலந்த நீலம். ஒரு சுவரை இது முழுக்க எங்களுடையது என்று யாரும் சொல்ல முடியாத ஊர் இது. அதனால் நம் பங்கு குறைந்துவிடவில்லை. சீனன் கட்டிய வீட்டின் நெற்றியில் தமிழில் பெயர் நின்றபோதுதான், இங்கே ஒருவன் வந்தான், கடை வைத்தான், கணக்கு எழுதினான், பிள்ளை பெற்றான் என்பது தெருவுக்குத் தெரிந்தது.

ஐயா வேலை முடித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்தச் சுண்ணாம்பு வேலையை இந்தக் கரைக்குக் கொண்டுவந்தவர்களில் நம் ஆட்களும் உண்டு, அதில் பலர் விலங்கு பூட்டி அனுப்பப்பட்டவர்கள். 1818இல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் இந்தியக் கைதிகளின் உழைப்பு இருக்கிறது. சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும் அவர்கள்தான் கட்டினார்கள். முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சுண்ணாம்பில் அடித்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டு, நம் சென்னைப் பக்கத்துப் பக்குவத்தில் பூசி, கல்லால் தேய்த்து மெருகேற்றியது அது. அந்தக் கைகள் எதற்கும் பெயர் இல்லை. தாத்தாவின் பெயரை வடித்தவருக்கும் இல்லை.

2008இல் மலாக்காவோடு சேர்த்து நம் பினாங்கின் ஜார்ஜ்டவுனை உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தார்கள். பெருமைதான். அதற்கு முன்பே, 2000ஆம் ஆண்டின் முதல் நாளோடு வாடகைக் கட்டுப்பாடு நீங்கி, எத்தனை கைத்தொழில்காரர்கள் இந்தத் தெருக்களைவிட்டுப் போனார்கள் என்று பெரியவர்களைக் கேளுங்கள். 2012க்குப் பிறகு சுவர் ஓவியங்களைப் பார்க்கக் கூட்டம் வருகிறது, நல்லது. ஓவியம் எதன்மேல் நிற்கிறதோ அந்தப் பூச்சையும் ஒரு கலைஞன்தான் போட்டான் என்று வருகிறவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும். நம் கடைக்கு முன்னால் நிற்பவர்களுக்கு இனி நான் சொல்வேன்.

இன்னும் சில சொல்லிவிடுகிறேன், எல்லோர் முன்னாலும் சொன்னால் மாற்ற முடியாது. அந்தப் பெயரை மறைத்து எந்தப் பதாகையும் இனி தொங்காது, தீபாவளி விற்பனைக்கும் தொங்காது. பொறுக்கியதில் சுவரில் சேர்க்க முடியாமல் போன துண்டுகள் கடைக்குள் கண்ணாடிப் பெட்டியில் இருக்கின்றன, பிள்ளைகளைக் கூட்டி வந்து காட்டுங்கள். பின்கட்டில் இரண்டு தோம்பில் சுண்ணாம்பு ஊறுகிறது. நீற்றும்போது அங்கிள் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார், கிளறியது என் மூத்தவன். ஒரு தோம்பு தெருவுக்கு. பழைய சுவர் யாருக்கு உரிந்தாலும் வாளியோடு வாருங்கள்.

இன்னொரு தோம்பு அங்கிள் வீட்டுச் சுவருக்கு. எங்களுக்குக் கொடுத்துவிட்டதால் அது இன்னமும் உரிந்துதான் கிடக்கிறது. தைப்பூசம் முடிந்த கையோடு, மழை குறைந்த அந்த வாரங்களில் வேலையைத் தொடங்குகிறோம். வேண்டாம் என்கிறார், கேட்கப் போவதில்லை. சாரம் கட்டத் தெரிந்தவர்கள், பழைய பெயிண்டைச் சுரண்டப் பொறுமை உள்ளவர்கள் கடையில் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். அன்றைய சாப்பாடு தன் பொறுப்பு என்று நாசி கண்டார் கடை பாய் இப்போதே சொல்லிவிட்டார்.