போகட்டுமா என்று கேட்டாயே

ஸ்ரீரங்கம்

அன்புள்ள விஜி,

உன் வாய்ஸ் மெசேஜ் மூன்றையும் கேட்டேன். மூன்றாவதில் திட்டியிருக்கிறாய், திட்டு. வாட்ஸ்அப்பில் தட்ட உட்கார்ந்தால் நாலு வரிக்கு மேல் விரல் ஓடமாட்டேன் என்கிறது. அதனால்தான் பேப்பரை எடுத்தேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் இல்லை. என் கண் ஆபரேஷனைத் தைக்குத் தள்ளிப் போட்டாயிற்று. நம் ஆபீஸ் மீசையின் பேத்திக்குக் கல்யாணம், பத்திரிகை உனக்கும் வந்திருக்கும். அந்த மனுஷன் என் பெயருக்குக் கீழே இன்னமும் நாம் வெளியூர் போன் இணைத்துக் கொடுத்த 'டிரங்க் எக்ஸ்சேஞ்ச்' பேரைப் போட்டிருக்கிறார், தபால்காரர் சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் பத்து நாள் மௌனமாக இருந்துவிட்டு வந்ததை யாரோ உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். யாரோ என்ன, எக்ஸ்சேஞ்சில் எட்டாம் நம்பர் போர்டில் உட்கார்ந்தாளே, அவள்தான். அவள் சொல்லியிருந்தால் 'கமலி சாமியாராகிவிட்டாள்' என்றுதான் வந்திருக்கும். நேற்றுக்கூட பால்காரனோடு சண்டை போட்டேன், கவலைப்படாதே. ஆனால் 'நானும் போகட்டுமாடி' என்று கேட்டாயே, அந்த இடத்தில் உன் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. அதற்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவும். முதலில் நான் போன கதையைக் கேள்.

அம்மாவின் அட்டிகையைப் பற்றி அண்ணி சொன்ன வார்த்தை உனக்குத் தெரியும். அம்மாவின் காரியம் முடிந்த அன்று, பந்தி நடக்கும்போது, அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி, "மாசத்துக்கு ஒரு தரம் எட்டிப் பார்த்தவளுக்கு அட்டிகை ஒண்ணுதான் குறைச்சல்!" அன்றைக்கு நான் வாயே திறக்கவில்லை. அதற்கப்புறம் மண்டைக்குள் நான் சொல்லாத பதிலே கிடையாது. தோசை வார்க்கும்போது ஒரு பதில். குளிக்கும்போது ஒன்று. பெருமாள் சந்நிதியில் வரிசையில் நிற்கும்போது அவள் திருப்பிக் கேட்பாள், நான் மடக்குவேன். ராத்திரி இரண்டு மணிக்கு அபாரமான பதில் ஒன்று வரும் பார், எழுந்து எழுதி வைத்துக்கொள்ளலாமா என்றிருக்கும். தூக்கம் போய்விட்டது. டாக்டர் மாத்திரை எழுதினார், அது தூக்கத்தைக் கொடுத்ததே தவிர அண்ணியை வெளியே அனுப்பவில்லை.

என் பெண் ஒரு நாள் எதையோ படித்துக் காட்டினாள். ஹார்வர்டில் இரண்டு பேர் 2010-ல் செய்த ஆராய்ச்சி. 2,250 பேரை, அவர்களுடைய ஐபோனிலேயே நேரங்கெட்ட நேரத்தில் கூப்பிட்டு, இப்போது என்ன செய்கிறாய், மனசு எங்கே இருக்கிறது, சந்தோஷமாக இருக்கிறாயா என்று கேட்டிருக்கிறார்கள். 46.9 சதவீதம் நேரம் செய்கிற வேலையில் மனசு இல்லை. நல்லதையே நினைத்துக்கொண்டிருந்தால்கூட, கையில் இருக்கும் வேலையில் மனசு இருக்கிறவர்களைவிடச் சந்தோஷம் கூடவில்லையாம். "உனக்கு நூறு சதவீதம்மா" என்றாள். சொன்னதோடு நிற்காமல் சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்தில் இருக்கிற தம்ம சேது மையத்துக்கு என் பேரில் விண்ணப்பமும் போட்டுவிட்டாள். விபஸ்ஸனா என்கிற பத்து நாள் மௌன தியான வகுப்பு. காசு கிடையாது, தங்க இடம், சாப்பாடு எல்லாம் முன்னால் படித்துப் போனவர்கள் கொடுத்த நன்கொடையில் நடக்கிறது. நாம் கொடுக்க நினைத்தாலும் முடித்த பிறகுதான் வாங்குவார்கள்.

கற்றுக்கொடுப்பது கோயங்காவின் குரல்தான். 2013-லேயே காலமாகிவிட்டார், பதிவு ஓடுகிறது, பின்னாலேயே தமிழ் வருகிறது. மாண்டலேயில் 1924-ல் பிறந்த மார்வாடி வியாபாரி. ஒற்றைத் தலைவலி மார்ஃபியா ஊசி வரைக்கும் கொண்டுபோய்விட, 1955-ல் ரங்கூனில் ஊ பா கின் என்பவரிடம் போயிருக்கிறார். அவர், தலைவலிக்காக என்றால் வராதே, அதற்கு இது இல்லை என்று முதலில் திருப்பி அனுப்பிவிட்டாராம். இந்த ஊ பா கின் யார் தெரியுமா? சுதந்திர பர்மாவின் முதல் அக்கவுண்டன்ட் ஜெனரல்! ஆபீசிலேயே தியானம் சொல்லிக் கொடுத்தவர். உன் வீட்டுக்காரரிடம் சொல், ஏ.ஜி. ஆபீசிலிருந்தும் மோட்சத்துக்கு வழி உண்டு, ஆடிட் அப்ஜெக்‌ஷன் மட்டும்தான் என்று இல்லை. கோயங்கா 1969-ல் இந்தியாவுக்கு வந்து வகுப்பு எடுக்க ஆரம்பித்தார். திகார் சிறையில் கிரண் பேடி காலத்தில் கைதிகளுக்கு நடத்தியதும் இதே வகுப்புதான்.

காலை 4 மணிக்கு மணி அடிப்பார்கள். ராத்திரி ஒன்பதரைக்கு விளக்கு அணையும். நடுவில் பத்து மணி நேரத்துக்கு மேல் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்வதுதான் வேலை. போன் வாங்கி வைத்துக்கொள்வார்கள். பேனா, புத்தகம் கிடையாது. ஜாடை காட்டக்கூடாது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக்கூடக் கூடாது. மதியத்துக்கு மேல் சாப்பாடு இல்லை, ஐந்து மணிக்கு டீயும் பொரியும் பழமும், அதுவும் புதிதாக வந்தவர்களுக்கு மட்டும். அதெல்லாம்கூடச் சரி. ஜபம், பாராயணம், விளக்கு எதுவும் பத்து நாளைக்கு வேண்டாம் என்றார்கள் பார், எனக்குச் சுருக்கென்றது. ரங்கநாதரிடம் லீவு சொல்லிவிட்டுத்தான் போனேன். இரவுப் பிரவசனத்தில் கோயங்கா கதை நன்றாகச் சொல்கிறார், ஆனால் இழுக்கிறார். காலையில் பாலி மொழியில் ஓதுவது எனக்குக் கடைசி வரை ஒட்டவேயில்லை.

முதல் மூன்று நாள் மூச்சு மட்டும். அதை இழுக்கவோ அடக்கவோ கூடாது, அது பாட்டுக்குப் போகும், வரும். மேலுதட்டுக்கு மேலே, மூக்குக்குக் கீழே இருக்கிற அந்தத் துளி இடத்தில் காற்று படுவதைக் கவனி என்கிறார்கள். கவனித்தேன். உள்ளே போகும்போது சில்லென்று, வெளியே வரும்போது லேசான சூடு. வலது மூக்கில் கொஞ்சம் கூடுதலாக வந்துகொண்டிருந்தது, அப்புறம் எப்போதென்று தெரியாமல் இடது பக்கம் மாறியிருந்தது. அறுபது வருஷத்துக்கு மேல் மூச்சு விட்டிருக்கிறேன், இது எனக்குத் தெரியாது. நாலு மூச்சு பார்ப்பேன், ஐந்தாவதில் அண்ணி வந்து உட்கார்ந்துவிடுவாள். சத்தம் இல்லாத இடத்தில் அவள் குரல் இன்னும் கணீரென்று கேட்டது, அதுதான் வேடிக்கை.

நாலாம் நாளிலிருந்து உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை உடம்பை அங்கம் அங்கமாகக் கவனிக்க வேண்டும். வலி, அரிப்பு, சூடு, துடிப்பு, எது இருந்தாலும் பார், மாற்ற முயற்சி செய்யாதே. ஒரு மணி நேரம் கை, கால், கண் மூன்றையும் அசைக்காத உட்காரல் தினம் மூன்று வேளை. என் முழங்காலைப் பார்த்து நாற்காலி கொடுத்துவிட்டார்கள், சுவரோரம் ஜட்ஜ் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

இப்போது சொல்லப்போவதைக் கவனமாகப் படி. பாதிக்கு மேல் நாள் ஓடிவிட்டது, சாயங்கால உட்காரல். தொண்டைக் குழியில் ஒரு சூடு கிளம்பியது. புளி அதிகமான ரசம் குடித்தால் ஏறுமே, அந்த இடம். தாடை இறுகிவிட்டது. இடது கைக்கட்டை விரல் உள்ளே மடங்கியது. அப்புறம்தான், விஜி, அதற்கு *அப்புறம்தான்* அண்ணியின் வாக்கியம் வந்தது. அவள் சொன்னதை நினைத்ததால் கோபம் வருகிறது என்றுதான் இத்தனை நாள் எண்ணியிருந்தேன். அடுத்த நாளும் பார்த்தேன். தொண்டை முதலில் இறுகுகிறது, பிறகு அதற்குப் பொருத்தமாக மனசு ஒரு வாக்கியத்தைத் தேடிப் பிடிக்கிறது. ஒரு தரம் அண்ணி கிடைக்கவில்லை போலிருக்கிறது, 1986 பொங்கலுக்கு எனக்கு நைட் டூட்டி போட்டுவிட்டு எட்டாம் நம்பர் போர்டுக்காரிக்கு லீவு கொடுத்தார்களே, அந்தக் கோபம் வந்து நிற்கிறது! எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை, ஹாலில் எல்லோரும் பிணம் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள்.

கோயங்கா சொல்வதும் இதைத்தான். விருப்போ வெறுப்போ, வெளியே இருக்கிற ஆளின் மேல் கிளம்புவதாக நமக்குத் தோன்றும், ஆனால் உடம்பில் எழும் உணர்ச்சிக்குத்தான் நாம் பதில் கொடுத்துக்கொண்டிருக்கிறோம், அந்த உணர்ச்சியை வெறுமனே பார்த்தால் அது எழுந்து, இருந்து, போய்விடும் என்கிறார். போனது. எப்போதும் போகிறது என்று சொல்ல மாட்டேன். சில சமயம் ஒரு மணி நேரமும் அங்கேயே குடியிருந்தது.

மண்டைக்குள் பேச்சு நின்றுவிட்டதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை. டிரங்க் போர்டில் கீயைத் தட்டி லைனில் ஆள் பேசுகிறார்களா என்று கேட்டுவிட்டு மூடுவோமே, அப்படித்தான் இப்போது. பேச்சு ஓடுகிறது, தெரிகிறது, நான் நடுவில் புகுவதில்லை. (நீ புகுந்தாய், அந்தக் காரைக்குடி செட்டியாரிடம் 'அவங்க சொல்றதுதான் சார் நியாயம்' என்றாய், மெமோ வாங்கினாய்.) முன்பெல்லாம், மூன்று நிமிஷம் முடிந்த டிரங்க் காலை நீட்டுகிற மாதிரி, அந்தப் பேச்சை நானே எக்ஸ்டென்ட் செய்துகொண்டிருந்தேன்.

விட்டுவிடுவது என்றதும் நான் அட்டிகையை விட்டுவிட்டதாக இவர் நினைத்துக்கொண்டார். "எல்லாத்தையும் துறந்துட்டு வந்திருக்கே" என்று பெருமை வேறு. அட்டிகை எனக்கு வேண்டும். அம்மா என் பெண்ணுக்கு என்று வாயால் சொன்னது. அண்ணனிடம் நேரில் போய் உட்கார்ந்து கேட்கப் போகிறேன், ஒரு தரம், சத்தமில்லாமல். தினம் நூறு தரம் மண்டைக்குள் கேட்பதைத்தான் நிறுத்தியிருக்கிறேன். தீபாவளிக்கு முன்னால் அண்ணி லேகியத்துக்குக் கண்டந்திப்பிலி எவ்வளவு போட வேண்டும் என்று போன் செய்தாள். தொண்டையில் கிளம்பியது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டு அளவைச் சொன்னேன்.

இனி உன் விஷயம்.

நீ இப்போது போக வேண்டாம்.

கோபித்துக்கொள்ளாமல் மேலே படி. எனக்கு மண்டைக்குள் ஓடியது ஒரு நகைச் சண்டை. உனக்கு 2017-ல் வந்த மனச்சோர்வு அந்த ஜாதி இல்லை. நீ தலை வாராமல் கிடந்த மாதங்களில் நான் கோயம்புத்தூருக்கு வந்துபோனவள், எனக்குத் தெரியும். மாத்திரை சாப்பிட்டு எழுந்தாய். யாரோ பிராணாயாமம் செய்தால் போதும் என்றதைக் கேட்டு மாத்திரையை நிறுத்தினாய், மறுபடி விழுந்தாய். இப்போது 'மாத்திரையே வேண்டாம்னு ஆயிடுமில்ல' என்று அந்த மெசேஜில் மெல்ல ஒரு வார்த்தை விட்டிருக்கிறாய். அதைக் கேட்டுத்தான் எனக்குத் திக்கென்றது.

பத்து நாள் பேசாமல், படிக்காமல், ஒருத்தர் முகம் பார்க்காமல் இருந்தால் உள்ளே கிடப்பதெல்லாம் மேலே வரும். வருவதற்காகத்தான் அந்த ஏற்பாடே. அட்டிகை வந்தால் சமாளிக்கலாம். உனக்கு எது வரும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தீவிர மனநோய் இருப்பவர்களுக்கு இது உகந்ததல்ல என்று அவர்களே விதிமுறையில் எழுதியிருக்கிறார்கள். விண்ணப்பத்தில் மனநலத்தைப் பற்றியும் மாத்திரையைப் பற்றியும் கேட்கிறார்கள். அதை மறைத்து எழுதலாம் என்ற நினைப்பு உனக்கு வரும், உன்னைத் தெரியாதா? அமெரிக்காவில் பிரவுன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் பௌத்த தியானம் செய்கிறவர்களையே அறுபது பேரை விசாரித்து 2017-ல் கட்டுரை போட்டிருக்கிறார்கள். பயம், தூக்கமின்மை, தான் யாரென்றே பிடிபடாமல் போவது, இப்படி நிறையச் சொல்லியிருக்கிறார்கள். எல்லோருக்கும் வருவதில்லை. வந்தால் பார்த்துக்கொள்ள உன் டாக்டர் அங்கே இருக்க மாட்டார்.

உனக்குத் தோதாக வேறு ஒன்று இருக்கிறது. மாசசூசெட்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-சின் 1979-ல், தீராத வலியோடு வந்த நோயாளிகளுக்காக தியான வகுப்பு ஒன்று ஆரம்பித்தார். அதிலிருந்து கிளைத்ததுதான் மனச்சோர்வு திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கான எட்டு வார வகுப்பு. வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம், மீதி வீட்டில். ராத்திரி உன் கட்டிலில்தான் தூங்குவாய், மாத்திரையும் ஓடும். இங்கிலாந்தில் அரசு மருத்துவ வழிகாட்டியிலேயே சேர்த்திருக்கிறார்கள். கோயம்புத்தூரில் யாராவது நடத்துகிறார்களா என்று உன் டாக்டரிடம் கேள். அவர் இப்போது வேண்டாம் என்றால் அதையும் கேட்டுக்கொள்.

அதுவரைக்கும் சும்மா இருக்க முடியாது என்றால், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே செய்கிற மாதிரி ஏதாவது செய். அரிசி களையும்போது கையில் தண்ணீர் படுவதைக் கவனி, மிக்சியைத் திட்டாமல். மொட்டை மாடியில் நடந்தால் குதிகால், பாதம், விரல் என்று தரையில் பதிவதைக் கவனி. ஐந்து நிமிஷம் போதும். மனசு கனக்கிற மாதிரி இருந்தால் அத்தோடு நிறுத்திவிட்டுப் பக்கத்து வீட்டில் போய் வம்பு பேசு. உனக்கு அது ஒத்துக்கொள்ளும்.

நான் ஆசையாகச் செய்வதைத் தோழிக்கு வேண்டாம் என்று எழுதுகிறேன் பார், எனக்கே சங்கடமாக இருக்கிறது. கூட உட்கார ஆள் வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். பின்னால் ஒரு காலம், டாக்டர் சரி என்று வாயால் சொன்ன பிறகு, இரண்டு பேரும் சேர்ந்தே விண்ணப்பம் போடலாம். நீ பத்து நாள் பேசாமல் இருப்பதைப் பார்க்க உன் வீட்டுக்காரர் டிக்கெட் வாங்கிக்கொண்டு வருவார்.

மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக்கு வருவதாகச் சொன்னாயே, இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடு, கூட்டத்தில் உன்னைத் தேடிக்கொண்டு அலைய என்னால் ஆகாது. பென்ஷனுக்கு வாழ்நாள் சான்று கொடுத்துவிட்டாயா? நான் போஸ்ட்மேனை வீட்டுக்கே வரச் சொல்லிக் கைரேகை வைத்துவிட்டேன், பேங்கில் போய் நிற்காதே. டாக்டரை இந்த வாரமே பார். பார்த்த அன்றைக்கே எனக்குப் போன் செய்ய வேண்டும். வாய்ஸ் மெசேஜ் வேண்டாம், போன்.

உன்
கமலி