மேடிசன் ஆறு: ஆகஸ்ட் நிலவரம்

வணக்கம் நண்பர்களே. இந்த வாரக் கடைசியில் மொன்டானாவில் மேடிசன் ஆற்றுக்கு, பூச்சி போலச் செய்த செயற்கை ஈயைத் தூண்டிலில் கட்டி வீசி (ஃப்ளை ஃபிஷிங்) ட்ராவுட் மீன் பிடிக்கக் கிளம்புகிறவர்களுக்காக இது.

சால்மன்ஃப்ளை என்ற பெரிய ஆற்றுப் பூச்சி ஜூன் கடைசி, ஜூலை தொடக்கத்தோடு சரி. அதைப் போலச் செய்த பெரிய ஆரஞ்சு வயிற்றுச் செயற்கை ஈக்களை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். இப்போது பகலில் வெட்டுக்கிளிதான். மதியக் காற்று எழும்பியதும் கரைப் புல்லிலிருந்து தண்ணீரில் விழும். அதற்காகவே பிரவுன் ட்ராவுட் கரையோரமாக, முழங்கால் ஆழத்தில்கூட நிற்கும். அதனால் ஆற்றில் கால் வைப்பதற்கு முன் கரையை ஒட்டி நாலு தடவை வீசிப் பாருங்கள். நிறையப் பேர் மீன் நிற்கிற இடத்தில்தான் போய் நிற்கிறார்கள்! நீர்மட்டத்தில் மீன் எடுக்கவில்லையென்றால் செயற்கை வெட்டுக்கிளியின் கொக்கியில் இரண்டடி தங்கூசி கட்டி, ஒரு சின்ன நிம்ஃபை (நீருக்கடியில் வாழும் இளம் பூச்சி போன்ற செயற்கை ஈ) தொங்கவிடுங்கள். வெயில் தாழ்ந்ததும் கேடிஸ் என்ற சின்ன ஆற்றுப் பூச்சி வரும்.

அப்புறம், தண்ணீர்ச் சூடு. இதுதான் முக்கியம். ஆற்றின் வழியில் உள்ள என்னிஸ் ஏரி ஆழமில்லாதது, வெயிலில் சீக்கிரம் சூடாகும். அதன் அணைக்குக் கீழே இந்த மாதம் போகவே வேண்டாம். ஆற்றின் மேல்பகுதியில் ஹெப்ஜன் அணைப் பக்கம் குளிர்ச்சியாக இருக்கும். தெர்மாமீட்டர் அவசியம். 68 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டினால் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. போராடிக் களைத்த மீன், விட்ட பிறகும் செத்துப்போகும். தொடர்ந்து 3 நாள் 73 டிகிரியைத் தொட்டால் மதியம் 2 மணி முதல் நள்ளிரவு வரை மாநில மீன், வனவிலங்குத் துறை மீன்பிடிக்கத் தடை போடலாம். கிளம்பும் முன் அவர்கள் அறிவிப்பைப் பாருங்கள். விடியற்காலையிலேயே ஆற்றில் இருப்பது நல்லது.